திண்டிவனத்துப் புளியமரமும் வால்காக்கையும்

ஆங்கிலப் பாடநூலில் 'மேக்பை' என்னும் பறவை வரும்போதெல்லாம் நமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நான் புரட்டிய கையகராதி அதனைக் 'காக்கை இனப் பறவை' என்று சொல்லி ஒதுங்கிக் கொண்டது. மற்றொன்று 'வாயாடி' என்ற பொருளையும் சேர்த்துத் தந்தது. இரண்டிலும் பறவையின் உருவம் கிடைக்கவில்லை. விலங்கியல் மாணவனாகிய எனக்கு அப்போது எழுந்த வினா இதுதான்: இந்த மேக்பை நம் விழுப்புரம் மாவட்டத்தில் உண்டா? இல்லையாயின் அதன் உறவினராவது இங்கே உள்ளனரா? விடை தேடிய வழியில் படித்தவற்றையும் கண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உண்மையான மேக்பையைப் பார்த்துவிடுவோம். இது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் கறுப்பும் வெள்ளையும். சிறகிலும் வாலிலும் வெயில் படும்போது நீலமும் பச்சையுமாக ஒரு மினுமினுப்பு. மொத்த நீளத்தில் ஏறத்தாழப் பாதி வால்தான். ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் பரவி வாழ்வது. இந்தியாவில் இதனைக் காண விரும்புவோர் லடாக் வரை செல்ல வேண்டும். அங்கே லே நகரத்து மரங்களில் நம்மூர்க் காக்கையைப் போல அது வெகு சாதாரணம். இமயத்தைத் தாண்டித் தெற்கே சமவெளிக்கு அது இறங்கி வருவதில்லை. ஆகவே முதல் வினாவிற்கு விடை எளிது: நம் மாவட்டத்தில் மேக்பை இல்லை.

ஆனால் அந்தப் பெயர் மட்டும் உலகெங்கும் பறந்திருக்கிறது. 'பை' என்பதே அப்பறவையின் பழைய பெயர். கிளிக்கு மீனாட்சி என்று நாம் பெயர் வைப்பது போல, ஆங்கிலேயர் அதன் முன்னே மார்கரெட் என்ற பெண்பெயரின் செல்லச் சுருக்கமாகிய 'மேக்' என்பதைச் சேர்த்துக் கொண்டனர். பிறகு அவர்கள் கப்பலேறிச் சென்ற இடங்களில் எல்லாம், கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு பறவை கண்ணில் பட்டால் அந்தப் பெயரையே சூட்டிவிட்டனர். ஆஸ்திரேலியாவின் மேக்பை காக்கைக் குடும்பமே அன்று. அது முற்றிலும் வேறொரு குடும்பம். கூடு கட்டும் காலத்தில் தெருவில் போவோரின் தலையைக் குறிவைத்துப் பாய்ந்து விரட்டுவதில் பெயர் பெற்றது. அங்கே குடியேறியுள்ள நம்மவர் 'மேக்பை' என்றால் தலையைத் தொட்டுக் கொள்வார்கள்!

இலங்கையில் ஒரு நீல மேக்பை உண்டு. நீல உடல், செம்பழுப்புத் தலை, சிவந்த அலகும் கால்களுமாக அது பேரழகு வாய்ந்தது. உலகில் இலங்கையின் ஈரக்காடுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. சிங்கராஜவனத்தில் காணலாம். இது காக்கைக் குடும்பந்தான். காடு குறுகுவதால் பாதிக்கப்படக்கூடிய இனங்களின் பட்டியலில் உள்ளது.

மேக்பையைப் பற்றி மக்கள் கொண்ட எண்ணங்களும் சுவையானவை. ஐரோப்பாவில் அதற்குத் திருட்டுப் பட்டம். பளபளக்கும் பொருளைக் கண்டால் கவர்ந்து சென்று கூட்டில் ஒளிக்கும் என்பர். இத்தாலிய இசைவாணர் ரோசினி 1817-ஆம் ஆண்டில் இதை வைத்தே ஓர் இசைநாடகம் அமைத்தார். வெள்ளிக் கரண்டி காணாமற் போனதற்காகப் பணிப்பெண் ஒருத்தி மரண தண்டனை பெறுகிறாள். கடைசியில் திருடியது மேக்பை என்று தெரிகிறது. கதை நன்று. ஆனால் உண்மையா? இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தீனிக்கு அருகே பளபளக்கும் திருகாணிகளையும் தகடுகளையும் வைத்துப் பார்த்தனர். பறவைகள் அவற்றை விரும்பவில்லை. மாறாக அஞ்சி, தீனியையும் குறைத்துக் கொண்டன. பாவம், பல நூற்றாண்டுப் பழி! மற்றொரு புறம், ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2008-இல் மேக்பைகளின் கழுத்தில், தம் கண்ணுக்குத் தாமே தெரியாத இடத்தில், வண்ணப் பொட்டு ஒட்டிக் கண்ணாடி முன் விட்டனர். சில பறவைகள் கண்ணாடியில் பொட்டைக் கண்டதும் தம் கழுத்தையே கோதி அதை அகற்ற முயன்றன. தன் உருவத்தைத் தானே அறியும் ஆற்றல் பாலூட்டிகளுக்கு மட்டுமே உண்டு என்ற கருத்து அன்று ஆட்டம் கண்டது.

கொரியாவில் வேறு கதை. காலையில் மேக்பை கத்தினால் நல்ல செய்தியோ விருந்தினரோ வருவர் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வீட்டுப் பெண்கள் காக்கை கரைந்தால் சொல்வது இதுவே அன்றோ! காக்கை கரைந்து விருந்து வந்ததைப் பாடியே குறுந்தொகைப் புலவர் நச்செள்ளையார் காக்கைபாடினியார் என்ற சிறப்புப் பெயர் பெற்றார். எங்கோ இருக்கும் கொரியரும் நாமும் ஒரே குடும்பத்துப் பறவையிடம் ஒரே செய்தியை எதிர்பார்த்திருக்கிறோம்.

இனி நம்மூருக்கு வருவோம். இங்கே 'மேக்பை' என்ற பெயரைத் தாங்கிய ஒரு பறவை உண்டு. ஆங்கிலேயர் அதனை 'மேக்பை ராபின்' என்றனர். நாம் குண்டுக்கரிச்சான் என்கிறோம். வண்ணாத்திக் குருவி என்பாரும் உளர். கரிச்சான் என்று பெயரிருந்தாலும் மின்கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் இரட்டைவால் கரிச்சானுக்கும் இதற்கும் உறவில்லை. சுமார் 19 செ.மீ. நீளம். ஆண் பளிச்சென்ற கறுப்பு வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்பு வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். தரையில் தத்தித் தத்திப் புழு பொறுக்கும். ஒவ்வொரு தத்தலுக்கும் வாலை மேலே தூக்கி நிறுத்தும். ஆண்டின் பெரும்பகுதி வாய் திறக்காது. பங்குனி பிறந்துவிட்டால் போதும், விடியற்காலையில் மொட்டை மாடியின் மூலையிலோ மரத்தின் உச்சியிலோ அமர்ந்து பாடத் தொடங்கும். விழுப்புரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நண்பர்களே, தேர்வுக்காக நான்கரை மணிக்கு எழுந்து புத்தகத்தைத் திறக்கும்போது சன்னலுக்கு வெளியே சீழ்க்கை அடிப்பது போலக் கேட்கிறதே, அது இதுதான். மரப்பொந்திலும் சுவரின் ஓட்டையிலும் கூடு வைக்கும். முன்னாளில் பாடும் பறவைகளான திரஷ்களோடு சேர்த்திருந்த இதனை இன்று ஈப்பிடிப்பான் குடும்பத்தில் வைத்துள்ளனர். ஆக, பெயரில் மேக்பை; பிறப்பில் அன்று.

பிறப்பிலே மேக்பைக்கு உறவான பறவை ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் வால்காக்கை.

வால்காக்கையைக் காணாதவர் நம்முள் பலர் இருக்கலாம்; கண்டும் பெயரறியாதவர் அதனினும் பலர். தலையும் கழுத்தும் புகைபடிந்த கருமை. முதுகும் வயிறும் செம்மண் நிறம். சிறகில் வெண்சாம்பல் பட்டை. பிறகு அந்த வால்: சாம்பல் நிறம், நுனியில் கறுப்பு, படிப்படியாய்க் குறுகி நீளும். அலகிலிருந்து வால் நுனி வரை 46 முதல் 50 செ.மீ. இருக்கும், அதில் வால் மட்டுமே ஏறக்குறையப் பாதி. வீட்டுக் காக்கையைவிட நீளமானது. எடையிலோ அதில் பாதிகூட இல்லை. கிளை கிளையாய்த் தாவவும், பட்டையைப் பற்றித் தொங்கவும், தலைகீழாய்ப் பூச்சி தேடவும் அந்த வால் சமன் செய்து கொடுக்கிறது. கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி கையில் பிடித்த கழியைப் போன்றது அது.

அறிவியலில் இதன் பெயர் டென்ட்ரோசிட்டா வேகபண்டா. முன்பாதி கிரேக்கத்தில் 'மர மேக்பை' என்று பொருள்படும். பின்பாதி இலத்தீனில் 'அலைந்து திரிவது'. லேத்தம் என்னும் ஆங்கிலப் பறவையியலார் 1790-இல் இட்ட பெயர். வங்காளத்தில் இதனை 'ஹாண்டி சாச்சா' என்பர், அதாவது பானை சுரண்டி. அடிப்பிடித்த பானையைச் சுரண்டுவது போன்ற கரகரத்த குரல் இதற்கு இருப்பதால் வந்த பெயர். மற்றொரு பெயர் 'டாக்கா சோர்', பணத் திருடன். ஐரோப்பாவில் மேக்பைக்குக் கிடைத்த பட்டமே இங்கே அதன் உறவினருக்கும் கிடைத்திருக்கிறது பாருங்கள். வேடிக்கை இதோடு முடியவில்லை. பெயரளவில் மேக்பையான குண்டுக்கரிச்சான் வங்காள தேசத்தின் தேசியப் பறவையாகி அந்நாட்டின் இரண்டு டாக்கா நோட்டில் படமாக அமர்ந்துவிட்டது. உண்மையான உறவினருக்குக் கிடைத்ததோ டாக்கா திருடன் என்ற பெயர்!

பானை சுரண்டும் குரல் மட்டும் என்று எண்ண வேண்டாம். இதே தொண்டையிலிருந்து நீர் ததும்புவது போன்ற இனிய மூன்றசைக் குரலும் வரும். சாலிம் அலி முதலான அறிஞர்கள் அதனைக் 'கோ-கி-லா' என்று எழுதியுள்ளனர். யாரோ தோப்புக்குள்ளிருந்து கோகிலா என்ற பெண்ணைக் கூப்பிடுவது போலவே இருக்கும். குயிலுக்கு வடமொழியில் கோகிலம் என்று பெயர். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூவுவதோ வால்காக்கை.

உணவில் இதற்கு விலக்கு என்று எதுவும் இல்லை. ஆல், அத்திப் பழங்கள், பூவின் தேன், கம்பளிப் புழு, பல்லி, ஓணான், தவளை, பிற பறவைகளின் முட்டை, குஞ்சு என்று எல்லாம் செல்லும். வேலியில் படரும் குறட்டைக் கொடியின் சிவந்த பழம் பாலூட்டிகளுக்கு நஞ்சு. அதையும் இது உண்ணும். காட்டில் மானின் முதுகில் அமர்ந்து உண்ணி பொறுக்குவதும் உண்டு. தனியே வேட்டையாடுவதோடு, தவிட்டுக்குருவி, கரிச்சான், மரங்கொத்தி ஆகியவற்றோடு கூட்டமாகச் சேர்ந்து தோப்பு தோப்பாகச் செல்லும். ஒன்று கிளப்பும் பூச்சி மற்றொன்றின் வாயில் விழும். ஆபத்தைக் கண்டால் யாராவது ஒருவர் குரல் கொடுப்பர். முட்டை திருடுவதால் சிறு பறவைகள் இதனை வெறுக்கும் என்பதும் உண்மை. குருவிக் கூட்டினருகே வால்காக்கை வந்தால் எழும் கூச்சலைக் கேட்டவர்க்கு அது தெரியும். இயற்கையில் நல்லவர், கெட்டவர் என்ற பிரிவினை நாம் செய்வது; பறவைகளுக்கு அது இல்லை.

கோடையில் கூடு கட்டும். இலையடர்ந்த மரத்தின் உயரக் கிளையில், முட்சுள்ளிகளை அடுக்கி, உட்புறம் மெல்லிய வேர்களைப் பரப்பி, வெளியே தெரியாதபடி அமைக்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முட்டைகள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுகளுக்கு இரை ஊட்டும். கோடையில் இலையடர்ந்த மரம் என்றேனே, அதைக் கவனிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் சித்திரை வெயிலில் பல மரங்கள் மொட்டையாக நிற்கும்போதும் நிழல் குறையாத பெருமரம் எது? புளிதான்.

திண்டிவனம் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணிவனம், புளியங்காடு என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பர். ஊரின் நடுவே கோயில் கொண்டுள்ள இறைவனும் திந்திரிணீஸ்வரர். புளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்று தாவரவியலார் கூறுவர். அரேபியரோ அதனை 'இந்தியப் பேரீச்சை' என்றனர். அந்தத் 'தமர் ஹிந்தி'யே ஆங்கிலத்தில் 'டாமரின்ட்' ஆயிற்று. எங்கிருந்து வந்தாலும் வந்த மரம் நம் மண்ணில் ஓர் ஊருக்கே பெயர் தரும் அளவுக்கு வேரூன்றிவிட்டது. அதைப் போலவே அருகிலுள்ள மயிலமும் மயிலால் பெயர் பெற்றது. மரத்தின் பெயரும் பறவையின் பெயரும் கொண்ட இரண்டு ஊர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெருமைதான்.

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கும் ஒரு காலத்தில் புளியமரங்கள் கைகோத்து நின்றன. நம் ஆசிரியர்களில் பலர் அந்த நிழலில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள். மாசி, பங்குனியில் நெடுஞ்சாலைத் துறை மரங்களை ஏலம் விடும். குத்தகை எடுத்தவர்கள் கிளையில் ஏறி உலுக்க, பெண்கள் கீழே கூடையோடு பொறுக்குவார்கள். கூலி, வருவாய், நிழல் ஆகிய மூன்றும் தந்த மரங்கள் அவை. வால்காக்கைக்கு அவை நெடுந்தெருவாக அமைந்தன. ஒரு தோப்பிலிருந்து அடுத்த தோப்பிற்கு வெட்டவெளியில் பறக்காமல் மரத்துக்கு மரம் செல்ல அதற்கு வழி கிடைத்தது. வெட்டவெளியை இப்பறவை விரும்புவதில்லை. படபடவென்று சில முறை சிறகடித்து, பிறகு சிறகை விரித்தபடி மிதந்து, அடுத்த மரத்தை அடைந்ததும் இலைக்குள் மறைந்துவிடும்.

தேசிய நெடுஞ்சாலை 45 என்று வழங்கிய அந்தச் சாலை 2000-ஆம் ஆண்டிற்குப் பின் நான்கு வழியாக அகலமானது. பயண நேரம் குறைந்தது; வண்டிகள் நேருக்கு நேர் மோதுவதும் குறைந்தது. இதை யாரும் மறுக்க மாட்டார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் புளியமரங்கள் போயின. அவற்றின் இடத்தில் நடுத்திட்டில் அரளி வைத்தார்கள். அரளி பூக்கும், எதிர் வண்டியின் விளக்கொளியை மறைக்கும். அதில் வால்காக்கை கூடு கட்டாது. ஓரங்களில் நட்ட கன்றுகள் புளியாகவே இருந்தாலும் அவை கிளை பரப்பி, பட்டை வெடித்து, பொந்து விழுந்து, பறவைக்கு வீடாகும் வரை ஒரு தலைமுறைக்கும் மேலாகும். 'ஒன்றுக்குப் பத்து நடுகிறோம்' என்னும் கணக்கு காகிதத்தில் சரி. பறவையின் கணக்கு வேறு.

எங்கள் ஊர்ப்பக்கம் புளியந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து வந்த பெரியவர் ஒருவரிடம் இப்பறவையின் படத்தைக் காட்டினேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இது வால்காக்கா தம்பி. ஓணான் புடிக்கும், முட்ட திருடும். நாங்க மரம் உலுக்கற வரைக்கும் எதுர் மரத்துல குந்திக்கினு கத்தும்" என்றார். இப்போதும் வருகிறதா என்று கேட்டேன். தோப்பை அடுத்திருந்த தைலமரக் காட்டைக் கையால் காட்டி, "அதுல அதுக்கு இன்னா வேல?" என்று திருப்பிக் கேட்டார். நூலில் பல பக்கம் எழுத வேண்டியதை அவர் ஒரு வினாவில் அடக்கிவிட்டார். தைலமரமும் சவுக்கும் நெருக்கமாக நட்டு, சில ஆண்டுகளில் வெட்டி எடுக்கும் பயிர்கள். அங்கே பழமில்லை, பொந்தில்லை, பூச்சியும் குறைவு. காடு போலத் தெரியும். உள்ளே நுழைந்தால் அமைதியாக இருக்கும்.

பனையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. நம் மாவட்டம் பனைவளம் மிக்கது. பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடை முட்டையிடும். பனையோலையின் அடியில் தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிப் பனை உழவாரன் கூடு அமைக்கும். ஓலை நுனியில் தூக்கணாங்குருவியின் கூடுகள் ஆடும். ஒரு மரத்தில் மூன்று குடித்தனம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். பொது நிலத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு என்ற ஏற்பாடும் இப்போது உண்டு. இவை வரவேற்கத் தக்கவை.

பழைய காடு எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டுக்குச் செல்லலாம். அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு கோயிற்காடு இருக்கிறது. தாவரவியலார் இதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரை நெடுகப் பரந்திருந்த இவ்வகைக் காட்டில் இன்று எஞ்சியவை இத்தகைய துண்டுகளே. சட்டம் வருவதற்கு முன்பே ஐயனாரிடம் கொண்ட அச்சம் அதைக் காத்தது. வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் இந்த வகை மரங்களையே தேடி நட்டு வளர்த்தனர். அரிமானத்தால் வெடித்துக் கிடந்த நிலத்தில் இன்று நிழலும் பறவைக் குரலும் உண்டு. அழிந்தது திரும்ப வரும் என்பதற்கு அது சான்று. ஆனால் அரை நூற்றாண்டு உழைப்பு ஆயிற்று. மேற்கே செஞ்சி மலைகளிலும் பாக்கம் மலைக் காட்டிலும் முட்புதரும் பாறையும் கலந்த வேறொரு சூழல்.

நீர்ப் பறவைகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் விழுப்புரம் மாவட்டத்துப் பறவைகளைப் பற்றி எழுத இயலாது. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்துள்ள கழுவேலி தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் நிலைகளுள் ஒன்று. பழவேற்காட்டை அடுத்து இதனைக் கூறுவர். மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இடமாதலால் மீனும் புழுவும் பெருகும். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளுக்கு இது தங்குமிடம். 2021 டிசம்பரில் 5,151 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலம் என்ற உலகத் தகுதியும் கிடைத்தது. புதுச்சேரி எல்லையில் ஊசுடு ஏரியின் நம் பக்கத்துப் பகுதியும் சரணாலயமே.

இந்த நிலத்திற்கு இலக்கியச் சிறப்பும் உண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அந்நூலில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். அவன் நாட்டைப் பாடிய நத்தத்தனார் பொய்கையில் மீனெடுக்கும் மணிநிறச் சிரலை மறக்காமல் வைத்தார். சிரல் என்பது மீன்கொத்தி. திண்டிவனத்துச் சாலையோரக் குட்டையில் இன்றும் அது அமர்ந்திருக்கக் காணலாம். பாட்டின் பறவையும் நம் கண்ணெதிர்ப் பறவையும் ஒன்றாயிருக்கும் பேறு எல்லா ஊர் மாணவருக்கும் வாய்ப்பதில்லை.

சரணாலயம் நீர்ப்பறவைக்குக் கிடைத்தது நியாயமே. அவை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடுவன. எல்லை வகுத்துக் காக்கலாம். வால்காக்கையை அப்படிக் காக்க முடியாது. அது இணை இணையாகப் பிரிந்து, நம் தோப்பிலும் வரப்பிலும் கோயில் மதிலோரத்திலும் சாலை வளைவிலும் வாழ்வது. பாகிஸ்தான் முதல் வியட்நாம் வரை பரவியிருப்பதால் உலக அளவில் அதற்கு இன்று ஆபத்தில்லை என்று பட்டியல்கள் சொல்கின்றன. சரிதான். ஆனால் ஒரு பறவை உலகில் இருக்கிறது என்பதும் திண்டிவனத்தில் இருக்கிறது என்பதும் ஒன்றல்லவே. ஓர் ஊரில் அது எப்போது இல்லாமற் போயிற்று என்று எந்தப் பட்டியலிலும் ஏறாது, அங்கிருப்பவர் எவரும் எழுதி வைக்காவிட்டால்.

எழுதி வைத்தவர்களால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் தங்கிய சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியற்பெயர் இன்றும் சுமக்கிறது. சென்னை மாகாணத்துப் படை மருத்துவர் ஜெர்டன் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிய தம் தொகுதிகளை வெளியிட்டார். சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-இல் வந்தது. நம் தமிழரான மா. கிருஷ்ணன் 1950 முதல் தாம் இறந்த 1996 வரை நாளிதழில் இயற்கை பற்றி இடைவிடாது எழுதினார். மக்கள் வாயிலுள்ள பறவைப் பெயர்களைத் தொகுத்துத் தந்தவர் க. ரத்னம். இன்று இதற்குத் தொலைநோக்கியும் பதவியும்கூட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்தால் போதும். விலங்கியல் துறையினர் மட்டுமல்லர், பொருளியல் நண்பர்களும் எண்ணலாம். அவர்களுக்குத்தான் எண்ணுவதில் பழக்கம் அதிகம்!

எங்கே பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு நான்கு வழிச்சாலைப் பேருந்தில் வந்தால் ஒன்றும் தெரியாது. பயணிகள் ரயிலில் ஏறுங்கள். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று வரும்போது கிணற்றடிப் புளியையும் வயல்வெளிப் பனையையும் பார்க்க நேரம் கிடைக்கும். சாலையை நேராக்கியபோது ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் பழைய வளைவுகளிலும் சில கிழப்புளிகள் தப்பி நிற்கின்றன. ஊருக்குள் செல்லும் கிளைச்சாலைகளில் இன்னும் சில. பங்குனி, சித்திரையில் காலை ஐந்தரை மணிக்கு அப்படியொரு மரத்தடிக்குப் போய்விடுங்கள். முதலில் கேட்பது குண்டுக்கரிச்சானின் சீழ்க்கை. பிறகு தவிட்டுக்குருவிகளின் சளசளப்பு தரையோரம் நகர்ந்து வரும். அவற்றுக்கு மேலே, இலைக்குள்ளிருந்து யாரோ பானை சுரண்டினால் அசையாமல் நில்லுங்கள். சற்று நேரத்தில் கோகிலாவைக் கூப்பிடும்.